குறுவையிலிருந்து சம்பா வரை: டெல்டாவில் ஆவணப் புகைப்படம் பழகுகிறவர்களுக்கு

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற பிள்ளைகளும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கிய தம்பி தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது, "யார் யாருடைய போட்டோவைப் பார்க்கணும்?" என்றுதான். பத்துப் பெயர் சொல்லிவிடலாம், அதில் சிரமமில்லை. பார்த்த பிறகு நடப்பதுதான் பிரச்சினை. பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியோ சல்காடோவின் சுரங்கப் படங்களை ராத்திரி பார்ப்பார்கள். மறுநாள் வயலில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கிளாரிட்டி பட்டனை வலது ஓரம் வரை இழுத்து, வானத்தைக் கரியாக்கி, களையெடுக்கிற ஒரு அப்பாயியின் முகச்சுருக்கத்தை எல்லாம் வெட்டுக்காயம் போல ஆக்கி வைப்பார்கள். சல்காடோவிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது நிறத்தை மட்டும்.

சல்காடோ பொருளாதாரம் படித்தவர். உலகக் காபி அமைப்பில் வேலை பார்த்து, 1973இல்தான் கேமராவுக்கு முழுசாக வந்தார். காபி, சர்க்கரை, நிலக்கரி எல்லாம் யார் கையால் விளைகிறது, யார் பைக்குப் பணம் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1986இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் வாரக்கணக்கில் தங்கி எடுத்தார். அந்தப் படிப்பும் அந்தத் தங்கலும்தான் படத்தில் தெரிகிறது, கறுப்பு வெள்ளை அப்புறம். ஆகவே ஒரு புகைப்படக்காரரைப் படிக்கும்போது, ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் அவர் என்ன செய்தார், அழுத்திய பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் தோண்ட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த வழியில்தான் போகும். கையில் போன் மட்டும் இருந்தாலும் போதும்.

ஒரு மாதம், ஒரு ஆள்

இன்ஸ்டாகிராமில் ஒரு மணி நேரத்தில் நூறு பேருடைய படங்களைப் பார்க்கலாம், எதுவும் ஒட்டாது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். என் யோசனை, முதல் ஆளாக டொரோதியா லாங். காரணம் சுலபமானது. அவர் 1930களில் அமெரிக்க அரசுக்காக எடுத்த படங்கள் அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தொகுப்பில் லாங், வாக்கர் எவன்ஸ் என்று பலர் எடுத்த சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இருக்கின்றன. புகழ்பெற்ற படத்தை மட்டுமல்லாமல் அதற்குப் பக்கத்தில் எடுத்தவற்றையும் பார்க்கலாம் என்பதுதான் மாணவருக்கு லாபம்.

1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலை இல்லாமல் கூடாரத்தில் கிடந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் லாங் எடுத்தார். கையைக் கன்னத்தில் வைத்து எங்கோ பார்க்கும் அந்தத் தாயின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ஒரே கிளிக்கில் விழவில்லை. தூரத்திலிருந்து கூடாரம் முழுசாகத் தெரிகிற படம் இருக்கிறது, பக்கத்தில் வந்து எடுத்தவை இருக்கின்றன, கடைசியில் மிக நெருங்கி எடுத்ததுதான் உலகம் சுற்றியது. இவற்றை வரிசையாகத் திரையில் வைத்து, ஒவ்வொன்றிலும் அவர் எங்கே நின்றார், எந்த உயரத்தில் கேமராவைப் பிடித்தார், எதை வெளியே தள்ளினார் என்று நோட்டில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். 'எமோஷனல்', 'பவர்ஃபுல்' என்ற சொற்களுக்குத் தடை. 'இரண்டு குழந்தைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் நேராகத் தாயிடம் போகிறது' என்பது மாதிரி இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு அரைப் பக்கம் எழுத வராவிட்டால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அந்தப் படத்தின் பின்கதையையும் படியுங்கள். லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. படத்தால் தனக்கு எந்தப் பயனும் இல்லை என்ற வருத்தத்தோடு இருந்தார் அவர். இத்தனைக்கும் லாங் குறிப்பெழுதுவதில் கெட்டிக்காரர். ஜனங்கள் பேசியதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, படத்துக்கு அடியில் போட்டவர். அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு அவசரத்தில் இது நடந்திருக்கிறது.

லாங் முடிந்ததும் நம்மவர்களுக்கு வாருங்கள். 1943 வங்கப் பஞ்சத்தை எடுத்த சுனில் ஜனா தனியாகப் போகவில்லை. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பி.சி. ஜோஷியோடும் ஓவியர் சித்தபிரசாத்தோடும் போனார். ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் படமெடுக்க என்று அது ஒரு கூட்டு வேலை. உங்கள் வகுப்பில் எழுதத் தெரிந்த தோழி ஒருத்தி இருந்தால் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம் மதுரைக்காரர் எம். பழனிக்குமார். மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தவர், மீன் விற்ற தன் அம்மாவைப் பற்றியும் படத்தோடு எழுதியிருக்கிறார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியத்தில் அவர் வேலைகளைத் தமிழிலேயே படிக்கலாம். வாடிப்பட்டியிலிருந்து வந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் எடுத்தார். நம் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அவருடைய படங்களைப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணிலேயே ஒரு பழைய பாடமும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தார். விமானத்தின் அடிப்பக்கத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளாகச் செய்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவ், நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்). நடமாடுகிறவர்கள் அதில் பதிவாகமாட்டார்கள், அதனால் அவருடைய தஞ்சாவூர் ஆளில்லாத ஊர் மாதிரி இருக்கும். காலையில் கதவு திறந்ததும் போய், சாய்வான வெயில் எழுத்தின் மேல் விழும்போது அதே கல்வெட்டு வரிசையில் நான்கடி நீளத்தை மட்டும் போனில் எடுத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் எழுத்து காணாமல் போகும், பக்கவாட்டு ஒளியில் எழும்பி நிற்கும். ஒளி பற்றி வகுப்பில் படிப்பதைவிட இது சீக்கிரம் புரியும். முக்காலி (டிரைபாட்) வேண்டுமென்றால் தொல்லியல் துறையின் அனுமதி தேவை. மற்ற பெரும்பாலான கோயில்களில் 2022 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு போனையே வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அங்கே போய் மல்லுக்கு நிற்காதீர்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள்

'டெல்டா விவசாயிகளின் வாழ்வும் வலியும்' என்று ஒரு மாணவர் தலைப்பு கொண்டு வந்தால், அதை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதை எடுக்க ஒரு ஆயுள் வேண்டும், அந்தத் தலைப்பில் எந்தப் படத்தைப் போட்டாலும் பொருந்தும், அதனாலேயே எதுவும் பொருந்தாது. ஒரு வாய்க்கால், ஒரு நடவுக் குழு, ஒரு கொள்முதல் நிலையம், ஒரு டீக்கடை. நடந்து போய்ச் சேருகிற தூரத்தில் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு போகத்துக்காவது திரும்பத் திரும்பப் போக முடிய வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

எல்லாரும் எடுக்கிற இடத்துக்குப் போக வேண்டாம். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, சில நாளில் கல்லணையில் தண்ணீர் விடும்போது பூவும் விதைநெல்லும் தூவுகிற படத்தைப் பத்திரிகைக்காரர்கள் வரிசையாக நின்று எடுத்துவிடுவார்கள். நீங்கள் தலைஞாயிறு பக்கமோ பேராவூரணி பக்கமோ ஒரு கடைமடை வாய்க்காலுக்குப் போய்க் காத்திருங்கள். தண்ணீர் வருமா, என்றைக்கு வரும், வந்தால் முதலில் யார் மடை திறப்பது என்பதெல்லாம் அங்கே தினசரிப் பேச்சு. தலைமடையில் விழா நடந்த நாளில் கடைமடையில் நிற்கும் வறண்ட மதகை எடுத்தாலே கதை பாதி சொல்லியாகிவிடும்.

தலைப்புக்கு இன்னும் சில: சுவாமிமலையில் ஒரு பட்டறையில் மெழுகு உருவத்திலிருந்து ஐம்பொன் சிலை வரைக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் பாத்தி கட்டுவதிலிருந்து உப்பு வாருவது வரைக்கும். கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்த தென்னந்தோப்பு ஒன்றில் இன்று என்ன நிற்கிறது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: மேற்கு வங்கத்திலிருந்து வந்து டெல்டாவில் நடவு நடுகிற இளைஞர் குழுக்கள். லாங் எடுத்ததும் வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களைத்தான். அவரைப் படித்த கையோடு இதை எடுத்தால், என்ன கேட்க வேண்டும் என்பதற்கு அவரிடமே வழி கிடைக்கும்: எங்கே தங்குகிறார்கள், என்ன சமைக்கிறார்கள், ஊருக்குப் பணம் எப்படி அனுப்புகிறார்கள், எந்த மாதம் திரும்புகிறார்கள்.

நெல் தெரிந்து போங்கள்

லாங் வேலை பார்த்த அரசுத் துறையின் படப்பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவருக்குப் படமெடுக்கத் தெரியாது, ஆனால் படமெடுக்கிறவர்களை விரட்டி வேலை வாங்கத் தெரியும். கார்ல் மைடன்ஸ் என்ற இளைஞர் தெற்கே பருத்தி எடுக்கக் கிளம்பியபோது, பருத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார் ஸ்ட்ரைக்கர். ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்றதும் பயணத்தை நிறுத்தி, உட்காரவைத்து, பருத்தி எப்படி விளைகிறது, யார் வாங்குகிறார்கள், அதன் அரசியல் என்ன என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். களத்துக்கு என்னென்ன எடுக்க வேண்டும் என்று பட்டியலும் எழுதி அனுப்புவார்.

நீங்களும் உங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். குறுவை ஜூன், ஜூலையில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. சம்பா ஆகஸ்ட் வாக்கில் தொடங்கித் தை, மாசியில் அறுப்பு. குறுவை அறுத்த வயலில் அடுத்து வருவது தாளடி. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நிற்கிற பயிருக்கு ஊடேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். இது தெரியாத ஆள் தை மாதம் வயலில் ஒருவர் கையை வீசிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு உரம் போடுகிறார் என்று எழுதிவைப்பார். நாற்றங்கால், சேடை ஓட்டுவது (தண்ணீர் கட்டிச் சேற்றுழவு), பரம்படிப்பது (சேற்றைச் சமப்படுத்துவது), அண்டை வெட்டுவது (வரப்போரத்தைச் செதுக்குவது), நாற்றுப் பறி, முடி (நாற்றுக் கட்டு) கட்டுவது, நடவு, களை, கதிர், அறுப்பு, களம், கொள்முதல். ஒவ்வொன்றுக்கும் நேராக யார் செய்கிறார்கள், என்ன கருவி, என்ன கூலி, காலையா மாலையா என்று எழுதுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் காலிக் கட்டங்கள்தான் நீங்கள் போய்ப் பேச வேண்டிய ஆட்கள்.

நடவு வயலில் எங்கே நிற்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் எல்லாரும் முதலில் எடுப்பது நடவுதான்.

நடுகிறவர்கள் பின்னோக்கி நகர்வார்கள். குனிந்து, இடது கையில் முடியைப் பிடித்து, வலது கையால் நாலைந்து நாற்றைக் கிள்ளிச் சேற்றில் அழுத்தி, ஒரு அடி பின்னால் வைப்பார்கள். அவர்களுக்கு எதிரில் வரப்பில் நின்றால் நேரம் ஆக ஆக அவர்கள் உங்களை விட்டு விலகிப் போவார்கள், நட்ட வயலுக்குள் நீங்கள் இறங்கவும் முடியாது. பின்னால் நின்றால் முதுகுகள் உங்களை நோக்கி வந்துகொண்டே இருக்கும், முகமே கிடைக்காது. பக்கவாட்டு வரப்பில், வரிசையின் ஓரத்தில் நடுகிறவருக்குச் சமமாக உட்கார்ந்துகொண்டு நகர்வதுதான் வழி. உட்காருவது முக்கியம். நின்றபடி எடுத்தால் குனிந்தவரை மேலிருந்து பார்க்கிற படம்தான் வரும், தலைத்துண்டும் முதுகும் மட்டும். அவர்கள் கண் மட்டத்துக்கு, அதாவது உங்கள் முட்டி உயரத்துக்கு, கேமரா இறங்க வேண்டும். முகம் எப்போது நிமிரும்? முடி தீர்ந்து அடுத்த முடிக்குக் கை நீட்டும்போது, யாராவது கிண்டல் பண்ணும்போது, வரப்பில் டீ வரும்போது. பாட்டு இருந்தால் ஒருத்தி எடுத்துக்கொடுத்து மற்றவர்கள் வாங்கும் இடத்தில். இதெல்லாம் சில மணி நேரம் பார்த்தாலே பிடிபடும் தாளம்.

வரப்பைப் பற்றி ஒன்று. அண்டை வெட்டிச் சேறு பூசிய புது வரப்பில் ஏறி நடந்தால் கால் பதிந்து உடையும், தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடும். வயல்காரர் கத்துவது நியாயம். செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த பழைய வரப்பு எது என்று கேட்டு அதில் போங்கள்.

நீர் நிறைந்த வயலில் வெளிச்சம் ஏமாற்றும். வானமும் தண்ணீரும் பளீரென்று இருப்பதால் கேமரா பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், கறுத்த முகங்கள் ஒரேயடியாகக் கரியாகிவிடும். போனில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை லேசாக மேலே தள்ளுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும், மனிதர் முகம் தெரிய வேண்டும். இருண்ட பின்னணியில் கிராமத்துப் பெரியவரின் வெள்ளை வேட்டி மட்டும் முழு வெயிலில் இருந்தால் இதற்கு நேர்மாறாகக் கொஞ்சம் இறக்க வேண்டும். நாற்று முடியை வீசும்போது உறையவைக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும், நடுகிற கைக்கு 1/250 போதும்.

கருவி பற்றி இவ்வளவுதான்

ஒரு கேமரா, ஒரு லென்ஸ். 35 அல்லது 50 மில்லிமீட்டர். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் பெரும்பாலான வேலையை 50இலேயே முடித்தார். போனாக இருந்தால் ஜூம் பண்ணாதீர்கள், நடந்து போங்கள், லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். தினமும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் நகல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிப்போகும். புதுக் கேமரா எது வாங்கலாம் என்று விவாதிக்கிற நேரத்தில் நாலு தடவை வயலுக்குப் போய் வந்துவிடலாம்.

கேட்பதும் மறுப்பதும்

முதல் நாள் கேமராவை பையிலேயே வைத்திருங்கள். யார் வீட்டுப் பிள்ளை, என்ன படிக்கிறாய் என்று விசாரிப்பார்கள், சொல்லுங்கள். "போட்டோ எடுத்து என்ன தம்பி பண்ணப்போற?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "காலேஜுக்கு ஒரு வேலை பெரியம்மா, நடவுலேர்ந்து அறுப்பு வரைக்கும் எடுக்கணும். படத்தை உங்ககிட்டக் காட்டிட்டுத்தான் மத்தவங்களுக்குக் காட்டுவேன்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். இதைப் பார்த்து அரசாங்கம் ஏதாவது செய்யும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், பத்திரிகை என்று பொய்யும் வேண்டாம். கூலி வேலைக்கு வந்த பெண்கள் அழுக்குப் புடவையோடு எடுக்காதே என்பார்கள். அப்படியென்றால் அன்று கையை மட்டும் படமெடுங்கள், நாற்று முடியைப் படமெடுங்கள். வேறொரு நாள் நல்ல புடவையில் வாசலில் நின்று எடுக்கச் சொல்வார்கள், அதையும் மரியாதையாக எடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் இன்னும் கவனம் வேண்டும். குவித்த நெல்லின் மேல் படுதா போட்டு, பக்கத்திலேயே கட்டிலில் படுத்துக் காவல் காக்கிற விவசாயிக்கு அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் பண நஷ்டம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்தால் ரோட்டில் காயவைத்து, தூற்றி, திரும்ப அளந்து, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, தைத்து, லாரி வரும்வரை காத்திருப்பு. இதற்கிடையில் ஒருவர் கேமராவோடு நுழைந்தால் ஊழியரும் சுமைதூக்குகிறவர்களும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உங்கள் படத்தால் ஒரு விவசாயியின் மூட்டை தாமதமாகக்கூடாது. நிலையப் பொறுப்பாளரிடம் முதலில் பேசுங்கள், அவர் வேண்டாம் என்றால் ரோட்டில் நெல் காயவைக்கிற இடத்தில் இருந்து தொடங்குங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

துக்கத்தை எடுப்பது தனிப் பாடம். சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28இல், கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதில் அந்த ஆண்டின் சிறந்த படமானது. மணலில் குப்புற விழுந்து அழும் ஒரு பெண், பிரேமின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். சடலத்தை முழுசாகக் காட்டாமல் விட்டது தத்தாவின் முடிவு, அதைக் கவனியுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தின் கதை இன்னும் கடினமானது. பாதரசக் கழிவால் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டாவில் 1971இலிருந்து மனைவி ஐலீனோடு மூன்றாண்டுகள் தங்கியவர் அவர், ஆலைக்காரர்களிடம் அடியும் வாங்கினார். நோயுற்ற மகள் டொமோகோவைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகை உலுக்கியது. மகள் இறந்த பிறகு அந்தப் படம் எங்கும் சுற்றிக்கொண்டிருப்பது பெற்றோருக்குப் பாரமாக இருந்தது. 1998இல் உரிமையைக் கையில் வைத்திருந்த ஐலீன், இனி வெளியிடுவதில்லை என்று அதை விலக்கிக்கொண்டார். எடுக்க மட்டும் கேட்டால் போதாது, பிற்பாடு ஒருவர் மனம் மாறினால் படத்தை நீக்கிவிட இடம் இருக்க வேண்டும் என்று நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். குழந்தைகள் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். சாதியோ கடனோ தகராறோ சம்பந்தப்பட்ட இடத்தில், படம் வெளியானால் அந்த ஊரிலேயே தொடர்ந்து வாழப்போவது அவர்கள், நீங்கள் அல்ல.

நோட்டு

பாக்கெட்டில் அடங்குகிற நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் (அவர் சொல்கிறபடி எழுதிக் காட்டிச் சரிபார்த்து), வயது, ஊர், தேதி, அன்று செய்துகொண்டிருந்த வேலை, அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் பேச்சிலேயே. 'உழைக்கும் கரங்கள்' என்று அடியில் எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'இன்னார், 54, கீழ்வேளூர் பக்கம், குத்தகை நிலத்தில் இரண்டாம் முறை நடவு. முதல் நாற்று அக்டோபர் மழையில் அழுகிவிட்டது' என்று இருந்தால் படம் தானாகக் கனமாகிறது. வீட்டுக்கு வந்த அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் போனால் மூன்று பெரியம்மாக்களின் பெயரும் குழம்பிவிடும்.

கழிப்பதும் அடுக்குவதும்

ஸ்ட்ரைக்கர் வேண்டாத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார். அநியாயம் என்று அவருடைய ஆட்களே கோபப்பட்டார்கள், எனக்கும் அது சரியாகப் படவில்லை. நீங்கள் எதையும் அழிக்க வேண்டாம், ஆனால் கழிக்க வேண்டும். ஒரு போகம் முடிந்ததும் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும். பொறுக்கியெடுத்த அறுபது எழுபதை ஸ்டூடியோவில் 4×6 அளவில் பிரிண்ட் போட்டு, கூடத்துத் தரையில் பரப்புங்கள். போனில் விரலால் தள்ளிக்கொண்டு தேர்ந்தெடுக்க முடியாது, இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் ஒன்று மற்றொன்றைத் தேவையில்லாமல் ஆக்குவது தெரியும். ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை வைத்து மீதியை ஓரம் தள்ளுங்கள். கஷ்டப்பட்டு எடுத்தேன் என்பதற்காக எதற்கும் இடம் கிடையாது. இறுதியில் பன்னிரண்டு நின்றால் நிறைய.

அடுக்குவதற்கு ஸ்மித் 1948இல் லைஃப் பத்திரிகைக்காக எடுத்த கிராமத்து மருத்துவர் தொடரைப் பாருங்கள். கொலராடோவில் ஒரு மருத்துவரோடு 23 நாள் சுற்றி எடுத்தது. மருத்துவர் நோயாளியைப் பார்க்க நடந்து வரும் ஊர், வேலை செய்யும் கை, தோற்றுப்போன ராத்திரி, கடைசியில் அறுவை முடிந்து காபிக் கோப்பையோடு சமையலறையில் சாய்ந்து நிற்கும் களைப்பு. இடம், ஆள், வேலை, உறவு, இடையில் ஒரு மூச்சு. உங்கள் பன்னிரண்டில் எல்லாமே வேலை செய்கிற படமாக இருந்தால் சாப்பாடு எங்கே, வீடு எங்கே, சம்பளம் எண்ணுகிற கை எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் அதுதான் அடுத்த போகத்தின் பட்டியல். அடுக்கிய வரிசையை அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "நடவுக்கு அப்புறம் இதைப் போட்டிருக்கியே, இது நாற்றுப் பறியாச்சே" என்று சொல்ல நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. புகைப்பட வாத்தியார்களுக்கு அது தெரியாது.

பிரிண்ட் கொடுப்பது

படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிண்ட். இது உதவி இல்லை, பாக்கி. அவர்கள் கேட்பது பெரும்பாலும் நீங்கள் பொறுக்கியதாக இருக்காது. நேராக நின்று கேமராவைப் பார்க்கிற படம், பேரனோடு சேர்ந்த படம், மாலை போட்டு மாட்ட வைத்துக்கொள்ள என்று முதியவர்கள் வெளிப்படையாகவே கேட்டு எடுத்துக்கொள்ளும் படம். அவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், சில வருஷம் கழித்து உங்கள் ஆவணத் தொடரைவிட அவை பெரிய ஆவணமாக இருக்கலாம். டெல்டா வீடுகளில் சுவர் ஈரம் ஏறும், அதனால் லேமினேட் செய்து கொடுங்கள். பின்பக்கம் ஊரும் தேதியும் மார்க்கரில் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகே ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும்.